சென்னைத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு: கையில் இருக்கும் காசுக்கு எந்த கேபின்?

2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பத் தொடங்கிய பிறகு, ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் “ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாமா” என்ற பேச்சு அதிகமாகிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கப்பல்களைக் கரையிலிருந்தே பார்த்தவர்கள் நாம், ஆசை வராமல் இருக்குமா? டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், எல்லாரும் என்னிடம் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: எந்த கேபின் எடுப்பது? அது பற்றிய கேள்விகள் மட்டும் இங்கே.

கேபினில் எத்தனை வகை?

பெயர்களை நிறுவனத்துக்கு நிறுவனம் மாற்றி அலங்கரித்தாலும் அடிப்படை நான்குதான். ஜன்னலே இல்லாத உள் அறை, அதாவது இன்டீரியர். கடல் தெரியும் கண்ணாடி ஜன்னல் வைத்த ஓஷன் வியூ. இந்த ஜன்னலைத் திறக்க முடியாது. கதவைத் திறந்து வெளியே நாற்காலி போட்டு உட்காரக்கூடிய பால்கனி. அப்புறம் சூட், அதாவது பெரிய அறை, தனிச் சலுகைகள்.

எம்ப்ரஸ் 1990-இல் ராயல் கரீபியன் நிறுவனத்துக்காக நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல். மூன்று, நான்கு இரவுப் பயணங்களை மனதில் வைத்துக் கட்டியது. அந்தக் காலக் கப்பல்களில் பால்கனி வைப்பது வழக்கமில்லை, 1990களின் நடுவில்தான் அது பரவியது. அதனால் இதில் உள்ள சுமார் 800 அறைகளில் பெரும்பாலானவை இன்டீரியரும் ஓஷன் வியூவும்தான். சிங்கப்பூரிலிருந்து போகும், 2016-இல் வந்த கென்டிங் ட்ரீம் போன்ற புதிய கப்பல்களில் கதை தலைகீழ். பாதிக்கு மேல் பால்கனி அறைகள்தான்.

விலை கூடினால் சாப்பாடும் மாறுமா?

மாறாது. இன்டீரியர்காரரும் பால்கனிக்காரரும் ஒரே பஃபேயில்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நீச்சல் குளம், மாலை நிகழ்ச்சி, மேல்தளத்துக் காற்று எல்லாம் பொது. சௌகார்பேட்டைக் குடும்பங்கள் கேட்கும் ஜைன உணவும் அறை வகையைப் பார்த்துக் கொடுப்பதில்லை. சூட் எடுப்பவர்களுக்கு மட்டும் சில கப்பல்களில் தனி உணவகம், தனி ஓய்விடம், வரிசையில் முன்னுரிமை உண்டு. பட்ஜெட் போட்டுக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள் சூட் பக்கத்தை மூடிவிடலாம்.

ஜன்னல் இல்லாத அறையில் மூச்சு முட்டாதா?

மிக அதிகமாக வரும் பயம் இது. காற்று ஒரு பிரச்சினையே இல்லை, குளிர்சாதனக் குழாய் வழியே எல்லா அறைக்கும் ஒரே காற்றுதான் வருகிறது. வித்தியாசம் வெளிச்சத்தில் இருக்கிறது. விளக்கை அணைத்தால் நம் வீட்டில் நடு ராத்திரி மின்சாரம் போனால்கூட வராத இருட்டு வரும். காலை ஆறு மணியா, பத்து மணியா என்று தெரியாது. சிலருக்கு அது சுகம். நைட் ஷிப்ட் பார்த்துப் பழகியவர்கள் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டு வந்து பாராட்டுகிறார்கள். லிஃப்டில் ஏறவே தயங்குகிறவருக்கு இது தண்டனை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் பணத்தைப் பார்க்காமல் ஜன்னல் எடுங்கள்.

இருட்டுக்குச் சின்ன வழி ஒன்று உண்டு. பல கப்பல்களில் அறைத் தொலைக்காட்சியில் முன்பக்கக் கேமரா காட்டும் சேனல் இருக்கும். ஒலியைக் குறைத்து அதை ஓடவிட்டால், பொழுது விடியும்போது அறையிலும் மெல்ல வெளிச்சம் வரும். ராயல் கரீபியனின் சில கப்பல்களில் இன்டீரியர் அறைச் சுவரிலேயே கடலை நேரடியாகக் காட்டும் பெரிய திரை வைத்திருக்கிறார்கள்.

அளவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பழைய, சிறிய கப்பல்களில் இன்டீரியர் என்பது 120 சதுர அடியை ஒட்டித்தான் இருக்கும், குளியலறையும் சேர்த்து. இரண்டு பெரிய சூட்கேஸைத் தரையில் விரித்தால் நடக்க இடமில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம், அதற்கான உயரம் விட்டுத்தான் வைத்திருப்பார்கள்.

இரண்டு, மூன்று இரவுப் பயணத்துக்கு எது சரி?

இன்டீரியர். காரணத்தைக் கணக்காகவே காட்டுகிறேன். கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட தொகைகள் இவை: இருவருக்கு இன்டீரியர் 40,000 ரூபாய், ஓஷன் வியூ 48,000, பால்கனி 76,000. மூன்று இரவு. கப்பலில் முதல் தடவை ஏறுகிறவர்கள் அறையில் இருக்க மாட்டார்கள். தளம் தளமாகச் சுற்றுவார்கள், சாப்பிடுவார்கள், நிகழ்ச்சி பார்ப்பார்கள், மறுபடி சாப்பிடுவார்கள். விழித்திருந்து பால்கனியில் உட்காரும் நேரம் நாளுக்கு மூன்று மணி நேரம் என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் ஒன்பது மணி. அதற்கு 36,000 ரூபாய் கூடுதல், அதாவது மணிக்கு 4,000. அதே கடலை மேல்தளத்தில் சும்மா பார்க்கலாம்.

கூடுதல் தொகையை, அந்த வசதியை விழித்திருந்து அனுபவிக்கப்போகும் மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் தொகை உங்களுக்குச் சரி என்று பட்டால் எடுங்கள், உறுத்தினால் விடுங்கள். ஏழு இரவுப் பயணம், நடுவில் இரண்டு நாள் கரையே தொடாத கடல், கூட்டம் பிடிக்காத வயதான தம்பதி என்றால் இதே கணக்கு பால்கனி பக்கம் சாய்ந்துவிடும். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் அப்படித்தான். குழந்தை மதியம் இரண்டு மணி நேரம் தூங்கும், அம்மா இருட்டறையில் உட்கார்ந்திருக்க முடியாது.

ஓஷன் வியூ தேவையில்லாத செலவா?

இல்லை. என்னைக் கேட்டால் மேலே உள்ள மூன்றில் நியாயமான விலை பெரும்பாலும் அதற்குத்தான். வித்தியாசம் ஆளுக்குச் சில ஆயிரத்துக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பகல் வெளிச்சம் கிடைக்கும், அறையும் பெரிதாகத் தோன்றும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: மிகக் கீழ்த்தளத்தில் வட்ட ஜன்னல்தான் இருக்கும், கடல் கொந்தளித்தால் பாதுகாப்புக்காக அதை இரும்பு மூடியால் அடைத்துவிடுவதும் உண்டு.

எனக்கு ஏலகிரி பஸ்ஸிலேயே வாந்தி வரும். கப்பலில் என்ன ஆகும்?

இதற்குப் பதில் கேபின் வகையில் இல்லை, கேபின் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. காசிமேட்டுப் படகுக்காரர்களிடம் கேட்டால் நான் சொல்வதைவிட நன்றாகச் சொல்வார்கள்: அணியத்தில், அதாவது முன்முனையில் நிற்கிறவனைத்தான் அலை தூக்கித் தூக்கிப் போடும், நடுவில் உட்கார்ந்தவனுக்கு அசைவு குறைவு. ஐம்பதாயிரம் டன் கப்பலுக்கும் அதே விதிதான். முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி அச்சாக நிற்கிறது. பக்கவாட்டில் சாயும்போது மேல்தளம்தான் அதிக தூரம் ஆடுகிறது. ஆக, கப்பலின் நீளத்தில் நடு, உயரத்தில் கீழ். இந்த இரண்டும் அமைந்த இன்டீரியர் அறை, உச்சித் தளத்து முன்பக்கப் பால்கனியைவிட உங்கள் வயிற்றுக்கு நல்லது. விலையும் குறைவு. வாந்தி பயம் உள்ளவருக்கு மலிவான அறையே மருந்தாக அமைவது இந்தத் தொழிலில் அபூர்வமான நல்ல செய்தி.

அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தலைசுற்றல் அடங்கும் என்பதும் உண்மை. கண் பார்ப்பதும் காது உணரும் அசைவும் ஒத்துப்போகாததுதான் இந்தத் தொல்லைக்கே காரணம். அதனால் சிலர் ஜன்னல் கேட்பார்கள். நடுவில், கீழ்த்தளத்தில் ஓஷன் வியூ கிடைத்தால் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். இல்லையென்றால் தலை சுற்றும்போது திறந்த தளத்துக்குப் போய் நின்றுகொள்ளுங்கள். இந்தக் கப்பல்களில் அடியில் இரு பக்கமும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் இருக்கின்றன, சாதாரணக் கடலில் கப்பல் நகர்வதே தெரியாது. மாத்திரை வேண்டுமானால் டாக்டரைக் கேட்டு, கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை.

எந்த மாதத்தில் கடல் அமைதியாக இருக்கும்?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல். நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பிப்ரவரி, மார்ச்சில் வங்கக் கடல் பெரும்பாலும் சாந்தம். சென்னையிலிருந்து எம்ப்ரஸ் போவது பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அப்போது மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் அரபிக் கடல் குமுறும் என்பதால் கப்பலை இந்தப் பக்கம் கொண்டுவருகிறார்கள். அந்த மாதங்களில் நம் பக்கம் பரவாயில்லை என்றாலும் பள்ளிக்கூடத்து ஹாலில் நடப்பதுபோல் இருக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். நடுக் கேபின் எடுங்கள்.

தளப் படத்தில் எதைப் பார்ப்பது?

முன்பதிவு செய்யும்போது ஒவ்வொரு தளத்தின் வரைபடமும் கிடைக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை. கட்டணம் கேபின் வகையால் அமைகிறது, தூக்கம் இந்தப் படத்தால் அமைகிறது.

உங்கள் அறைக்கு நேர் மேலே என்ன, நேர் கீழே என்ன என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருந்தால் நல்லது. மேலே நீச்சல் குளத் தளம் என்றால், விடியற்காலையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். மேலே பஃபே என்றால் வண்டி உருளும். கீழே நாடக அரங்கோ டிஸ்கோவோ இருந்தால், சுவர் வழியாக டிரம் மட்டும் ஏறி வரும். பாட்டு வராது, டிரம் வரும், அதுதான் கொடுமை. முன்பக்கக் கீழ்த்தளத்தில் இன்னொரு தொல்லை இருக்கிறது. கரை சேரும்போது கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் இயந்திரம் அங்கேதான் இருக்கிறது, பல துறைமுகங்களில் அது காலை ஆறு மணிக்கே முழங்கும். பின்கோடியில் இயந்திர அதிர்வு.

படத்தில் பெயர் எழுதாத வெள்ளைக் கட்டங்கள் இருக்கும். அவை சலவையறை, சாமான் அறை, பணியாளர் வழியாக இருக்கலாம். அவற்றை ஒட்டிய அறை வேண்டாம். லிஃப்டுக்கு நேர் எதிரே வேண்டாம், நான்கைந்து அறை தள்ளி இருந்தால் போதும். இரண்டு அறைக்கு நடுவே இணைப்புக் கதவுக் குறி இருந்தால், பக்கத்து அறைக்காரர் போனில் பேசுவதும் கேட்கும்.

கேபின் எண்ணை அவர்களே முடிவு செய்வார்கள், ஆனால் விலை குறைவு என்கிறார்கள். எடுக்கலாமா?

இதற்குப் பெயர் கியாரண்டி கேபின். வகை மட்டும் உறுதி, எண் பயணத்துக்குச் சில நாள் முன்பு, சில நேரம் துறைமுகத்தில்தான் தெரியும். யாரும் விரும்பாமல் மிச்சமான அறைகள் இதில் போகும் என்பது சொல்லாமலே புரியும். அபூர்வமாக மேல் வகைக்கு ஏற்றியும் கொடுப்பார்கள், அதை நம்பி எடுக்கக் கூடாது. படுத்ததும் தூங்கும் இளவட்டங்களுக்கு இது சரி. வாந்தி பயம் உள்ளவர், மூட்டுவலிக்காரர், இரண்டு அறை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டிய குடும்பம் ஆகிய மூவருக்கும் வேண்டவே வேண்டாம். ஒரு அறை முன்கோடி, ஒரு அறை பின்கோடி என்று வந்தால் பாட்டியும் பேரனும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் பார்த்துக்கொள்வார்கள்.

“பார்வை மறைவு” என்று போட்டு ஓஷன் வியூ மலிவாகக் கொடுக்கிறார்களே?

ஜன்னலுக்கு முன்னால் உயிர்காப்புப் படகோ அதைத் தொங்கவிடும் இரும்புக் கையோ நிற்கும். கடல் பாதி தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஆனால் வெளிச்சம் வரும். இருட்டுக்குப் பயந்தவருக்கும், கடலைப் பார்க்க மேல்தளம் போதும் என்பவருக்கும் இது நல்ல சரக்கு. நான் இதை நிறைய பேருக்குச் சிபாரிசு செய்கிறேன்.

நாங்கள் நான்கு பேர். ஒரே அறையா, இரண்டா?

கட்டணம் எப்போதும் ஒரு அறையில் இருவர் என்ற கணக்கில்தான் போடப்படும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும். அவர்களுக்குச் சுவரிலோ கூரையிலோ மடிந்திருக்கும் கட்டிலை இரவில் இறக்கி ஏணி வைப்பார்கள். காசுக்கு இதுவே லாபம். பத்து வயதுக்கு மேற்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கு ஏணி ஏறுவதே பாதிக் கொண்டாட்டம். ஆனால் நான்கு பெரியவர்கள், ஒரே குளியலறை, காலையில் கரை இறங்க அவசரம் என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர்கள் நால்வர் என்றால் எதிரெதிரே இரண்டு இன்டீரியர் எடுங்கள். சில நேரம் ஒரு பால்கனி அறையில் நான்கு பேர் நெருங்கிப் படுக்கும் விலைக்கே அது வந்துவிடும், இரண்டு குளியலறையும் கிடைக்கும்.

நான்கு பேர் படுக்கும் அறைகள் எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் தீரும். “பின்னால் தம்பியையும் சேர்த்துக்கொள்ளலாம்” என்று விடாதீர்கள். அறையில் கட்டில் இருந்தாலும், அந்தப் பகுதிக்கான உயிர்காப்புப் படகில் இடம் நிறைந்துவிட்டால் ஆளைச் சேர்க்க மாட்டார்கள்.

தனியாகப் போனால்?

வலிக்கும். அறைக்கு இருவர் கட்டணம் என்பதால் ஒருவரே ஏறக்குறைய இரண்டு பங்கும் கட்ட நேரும். தனி ஆளுக்கென்றே சின்ன அறை வைத்த கப்பல்கள் வெளிநாட்டில் சில உண்டு. இங்கே நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொள்வதுதான் வழி.

விளம்பரத்தில் ஒரு தொகை, பில்லில் ஒரு தொகை. ஏன்?

விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் ஆளுக்கான அடிப்படைக் கட்டணம். அதன் மேல் துறைமுகக் கட்டணம், பணியாளர் சேவைக் கட்டணம், ஜிஎஸ்டி. வெளிநாடு தொடும் பேக்கேஜ் என்றால் டிசிஎஸ்ஸும், அதாவது விற்பவர் முன்கூட்டியே வசூலித்துக் கட்டும் வருமான வரியும் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். துறைமுகக் கட்டணமும் சேவைக் கட்டணமும் தலைக்கு இவ்வளவு என்று இருப்பதால், மலிவான அறை எடுத்தாலும் அவை குறையாது. அதனால் ஒப்பிடும்போது “எல்லாம் சேர்த்து அறைக்கு எவ்வளவு” என்று மட்டும் கேளுங்கள். இன்டர்நெட், மதுபானம், கரைச் சுற்றுலா தனி. இலங்கை போகும் பயணம் என்றால், இன்டீரியர் எடுத்து மிச்சப்பட்ட தொகையில் திரிகோணமலையில் ஒரு வண்டி வைத்துக் கோணேசர் கோயில் வரை போய்வரலாம்.

கிளம்புவதற்கு முன் போன் செய்து “கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் பால்கனி” என்கிறார்களே?

விற்காத அறையைத் தள்ளப் பார்க்கிறார்கள், அதில் தவறில்லை. அறை எண்ணைக் கேளுங்கள், தளப் படத்தில் பாருங்கள், பிறகு அந்த மணிக்கணக்கைப் போடுங்கள். நடுவில் உள்ள அமைதியான அறையை விட்டுவிட்டு முன்கோடிப் பால்கனிக்குப் போவது எல்லாருக்கும் உயர்வு இல்லை.

கப்பலின் எந்தப் பக்கம் நல்லது?

சென்னையிலிருந்து தெற்கு நோக்கி இலங்கைக்குப் போகும்போது வலப்பக்கம் மேற்கு, மாலை வெயில் அந்தப் பக்கம். திரும்பும்போது மாறிவிடும். இதற்காகப் பணம் கூடக் கொடுக்காதீர்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எந்த அறை?

லிஃப்டிலிருந்து அதிக தூரம் நடக்காத நடுப்பகுதி. வகை எதுவானாலும் சரி. பழைய கப்பல்களில் குளியலறை வாசலில் ஒரு சாண் உயரத் தடுப்பு இருக்கும், ராத்திரி அதில் இடறி விழுகிறவர்கள் உண்டு. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் அகலக் கதவும் தடுப்பில்லாத குளியலறையும் உள்ள அறை என்று தனியாகக் கேட்க வேண்டும். மிகச் சில அறைகளே அப்படி, முதலில் தீர்வதும் அவைதான்.

அந்தமான் கப்பலில் பங்க் வகுப்பில் போயிருக்கிறோம். அதைவிட இன்டீரியர் மேலா?

ஒப்பிடவே முடியாது. அந்தமான் கப்பல் போக்குவரத்துக்கு ஓடுவது. பங்க் என்றால் பெரிய கூடத்தில் வரிசைக் கட்டில், பொதுக் குளியலறை, இரண்டரை நாள் பயணம். இன்டீரியரில் உங்களுக்கென்று பூட்டும் அறை, குளியலறை, துடைத்து மடித்துப் போட ஆள். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்கு ரஜூலா கப்பல் நினைவிருக்கும். 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. பெரும்பாலோர் டெக் டிக்கெட்காரர்கள், தளத்தில் பாய் விரித்தே போனார்கள். அவர்களிடம் போய் “ஜன்னல் இல்லை” என்று குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள்.

அறைக்கு என்ன எடுத்துப் போகலாம், எதைத் தடுப்பார்கள்?

ரைஸ் குக்கர், மின் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் ஏறாது. கப்பலில் தீ என்பது விளையாட்டில்லை. சூடேறும் எந்தப் பொருளையும் பெட்டிச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள், இறங்கும்போது தருவார்கள். அறையில் பிளக் குறைவு என்பதால் பல முனை கொண்ட சார்ஜர் ஒன்று நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பல கப்பல்களில் தடை. சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி நான்கு வாங்கிப் போனால் துண்டு, பை, தொப்பி எல்லாம் மாட்டலாம். பர்மா பஜாரில் தேடினால் கிடைக்கும், பேரம் பேசுங்கள்.